ஈரத் தானியமும் ஒரு சுயவிவரக் குறிப்பும்



கோவளத்தில் மளிகைக் கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது. தராசு முள் நூலிழை சாய்ந்தாலும் எங்களுக்கு மனம் பொறுக்காது. அத்தகைய நாங்களே, மகளின் சுயவிவரக் குறிப்பில் எடையைக் கூட்டச் சொன்னோம்.

சிறுசேரி சிப்காட் வளாகத்தில் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப எழுத்தாளர் பணிக்கு அவள் விண்ணப்பித்தாள். மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கான கையேடுகளை எழுதும் பணி அது. திறன்கள் என்ற தலைப்பின்கீழ் அவள் குறித்த கருவிகள் மூன்றே: வேர்ட், மேட்கேப் ஃபிளேர், மார்க்டவுன். விளம்பரத்திலோ ஃபிரேம்மேக்கர், டிட்டா, கிட் எனப் பட்டியல் நீண்டது. "அவற்றையும் சேர்த்துவிடும்மா, வேலை கிடைத்தபின் கற்றுக்கொள்ளலாம்" என்றோம். தயங்கியவள், எங்கள் சொல்லுக்காகச் சேர்த்தாள்.

நேர்காணலில் டிட்டா பற்றித்தான் முதல் வினா. தகவலை விளக்கம், செய்முறை, பார்வைக் குறிப்பு எனத் தனித்தனித் துண்டுகளாக எழுதி, ஒரே துண்டைப் பல கையேடுகளில் பயன்படுத்த உதவும் எக்ஸ்எம்எல் முறை அது. அவ்வாறு எழுதிய அனுபவத்தைக் கேட்டனர். அவளால் பதில் கூற இயலவில்லை. அதன்பின், அவள் நன்கு அறிந்த ஃபிளேரைப் பற்றிச் சொன்னதையும் எவரும் நம்பவில்லை.

அன்று இஷாவுக்குப் பின், ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. விற்பனைக்கு வைத்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைக்காததை நபியவர்கள் கண்டித்தார்கள். கடையில் பேணிய அந்நெறியை ஒரு தாளில் நாங்கள் மறந்திருந்தோம்.

மறுநாள் மகள் குறிப்பைப் புதிதாக எழுதினாள். நாள்தோறும் பயன்படுத்துபவை, ஓரளவு பழகியவை, தற்போது கற்பவை எனக் கருவிகளை மூன்றாகப் பிரித்தாள். ஃபிளேர் என்ற பெயருக்கு அருகே, அதில் தான் எழுதி முடித்த நிறுவல் கையேட்டைக் குறிப்பிட்டாள். டிட்டா மூன்றாம் வரிசைக்கு இறங்கியது. பயிற்சிக்காக எழுதிய சிறு மாதிரியும் உடன் சேர்ந்தது.

வேலை இன்னும் அமையவில்லை. ஆயினும், எவர் கை நுழைத்துப் பார்த்தாலும் ஈரம் தட்டாத குறிப்பு அது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அளவையைச் சரியாக வைப்பதே நம் கடமை. நம் பிள்ளைகளின் உழைப்பில் அவன் பரக்கத் செய்வானாக! ஆமீன்.