துட்டு இருக்கா, இல்லையா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் 26 வருஷமாகக் கணக்கு வாசிக்கிறேன். பொருளாளர் என்று பெயர். நோட்டில் எழுதுவதை ஆறு மாதத்தில் யாரும் பழகிவிடலாம். அதைச் சபைக்குச் சொல்லத்தான் எனக்கு இத்தனை காலம் பிடித்தது.

முதல் வருஷச் சபைக்கூட்டத்தில் வரவு செலவையும் அடுத்த வருஷத் திட்டத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். சங்கக் காணிக்கை, ஞாயிறு காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி, திருமண்டலத்துக்குச் செலுத்தியது எல்லாம் பைசா சுத்தமாக இருபது நிமிஷம். முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "ஏய்யா, கடைசில துட்டு இருக்கா, இல்லையா? அதச் சொல்லு" என்றாள். கோயிலே சிரித்தது. எனக்கு முன்னால் கணக்கு வைத்திருந்த சார்வாள் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, என் தாளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு கணக்குப் போட்டார். வருஷச் செலவை 52-ஆல் வகுத்தார். "ஒரு ஞாயித்துக்கெழம கோயில் நடக்க இவ்வளவு ஆகுது. போன வாரம் பையில விழுந்தது இவ்வளவு. இத மட்டும் வாயால சொல்லும். மத்ததப் போர்டுல ஒட்டும்."

அந்தப் பென்சில் கணக்கைத்தான் இன்றும் போடுகிறேன். கூரைக்கு நாலு லட்சம் வேண்டும் என்றால் ஜனங்கள் கூரையைப் பார்ப்பார்கள். 200 குடும்பம், 20 மாதம், மாதம் 100 ரூபாய் என்றால் முந்தானை முடிச்சைப் பார்ப்பார்கள். சார்வாள் அதையும் திருத்தினார். போன வருஷம் சங்கக் காணிக்கை ஒழுங்காகக் கட்டிய குடும்பங்களை எண்ணி, அந்த எண்ணால் வகுக்கச் சொன்னார். 160 என்றால் மாதம் 125. கேட்க நன்றாக இருக்காது, ஆனால் கூரை முடியும்.

பழக வருகிறவர்கள் முதலில் ஆராதனை முடிந்து எண்ணும் மேசையில் உட்காருங்கள். எப்போதும் இரண்டு பேர், இரண்டு கையெழுத்து. எட்டாக மடித்த பத்து ரூபாய், வெற்றிலை வாசத்தோடு வரும் சில்லறை, பிள்ளைகளின் ஒற்றை ரூபாய். அந்தப் பத்து ரூபாயைப் பிரித்துப் பிரித்து நீவியவனுக்கு 'நிதிப் பற்றாக்குறை' என்று மைக்கில் சொல்ல வாய் வராது. 'பத்தலை' என்றுதான் வரும்.

என் பெரிய தப்பு அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நடந்தது. எங்கள் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஒருவர் எடுத்துத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், அது மூன்று தடவை ஏலம் போகும். அந்த உற்சாகத்தில் கேட்ட தொகையையெல்லாம் வரவென்று கூட்டி, சுற்றுச்சுவர் ஆரம்பிக்கிறோம் என்று அறிவித்துவிட்டேன். ஏலப் பாக்கி பாதிகூட வரவில்லை. இடுப்பளவில் நின்ற சுவர் ஒரு வருஷம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது 'வந்தது' என்று சொல்லி மூச்சு விட்டுத்தான் 'வரவேண்டியது' என்பேன். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபின் காணிக்கைப் பை கனத்தபோதும், இதை நம்பித் திட்டம் போடவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கட்டட நிதி கொடுத்தவர்கள் பெயரைத் தொகையோடு வாசித்தேன். கடைசிப் பெயருக்குரிய அம்மா மூன்று ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். காப்பி கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. இப்போது போர்டில் ரசீது எண்ணும் தொகையும் மட்டும்தான்.

"நம்ம துட்டு எதுக்குப் பாளையங்கோட்டைக்குப் போகுது?" என்று வருஷம் தவறாமல் ஒருவர் எழுவார். போதகரான ஐயரின் சம்பளம் பாளையங்கோட்டையில் இருக்கும் திருமண்டலத்திலிருந்துதான் வருகிறது, தனியாக ஓர் ஐயரை வைத்துத் தாங்கமுடியாத சின்னச் சபைகளுக்கும் அப்படித்தான் என்று அவர் எழுவதற்குள் நானே சொல்லிவிடுவேன். கேட்டபின் சொன்னால் சமாளிப்பு மாதிரி இருக்கும்.

இப்போது கணக்கை வாட்ஸ்அப்பிலும் போடுகிறோம். ஆனாலும் சபைக்கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய், பெருக்கி மணியடிக்கிறவரிடம் தாளைச் சத்தமாக வாசிப்பேன். அவர் பாட்டுக்குப் பெருக்குவார். விளக்குமாறு நின்று, "என்ன சொன்னீய?" என்று எந்த இடத்தில் கேட்கிறாரோ அங்கே பென்சிலால் சுழிப்பேன். போன ஏப்ரலில் மூன்று இடத்தில் நின்றது.