அலை பாடும் ஊர்... அலை ஆத்தும் காடு!

அரியர் கவலை, இன்டர்னல் டென்ஷன், ரெக்கார்டு நோட்டில் சைன் வாங்கும் அலைச்சல்... எல்லாவற்றையும் ஒரே ஒரு நாள் ஹாஸ்டல் பெட்டிக்குள் பூட்டி வைக்க ரெடியா ஃப்ரெண்ட்ஸ்? காலையில் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை, சாயங்காலம் கடலோரக் காட்டுக்குள் படகுச் சவாரி. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை இருந்தால் போதும்!

முதல் ஸ்பாட், மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடி. இரண்டாவது, கடலூர் மாவட்டத்தில் இருக்கும் பிச்சாவரம். நடுவில் சீர்காழி, சிதம்பரம் வழியாக இரண்டு, இரண்டரை மணி நேர பஸ் பயணம். இந்த ரெண்டு ஊருக்கும் தனித்தனியாக நீங்கள் டூர் போயிருக்கலாம். ஆனால், ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்தால் கிடைக்கிற கிக்கே வேற! காரணம், ரெண்டுமே ஒரே வங்கக்கடலோடு மல்லுக்கட்டுகிற இடங்கள். ஒன்று சுவர் வைத்து, இன்னொன்று வேர் வைத்து.

நான் படிப்பது சிவில் இன்ஜினீயரிங். அதனால் கொஞ்சம் சிலபஸ் வாடை அடித்தால் மன்னிச்சுக்கோங்க!

காலை: கோட்டை

மயிலாடுதுறையில் இறங்கி தரங்கம்பாடி பஸ்ஸில் ஏறிவிடுங்கள். வெயில் சூடு பிடிப்பதற்குள் போய்ச் சேர்வது புத்திசாலித்தனம். ஊருக்குள் நுழையும்போதே வெள்ளை வெளேரென்று ஒரு வாயில் உங்களை வரவேற்கும். 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் ஏதோ பீரியட் ஃபிலிம் செட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நேரான தெரு, 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், பெரிய தூண்கள் வைத்த பழைய பங்களாக்கள், தெரு முடிகிற இடத்தில் கடல்!

கடலைப் பார்த்தபடி நிற்கிறது டேன்ஸ்போர்க் கோட்டை. 'டேனியரின் கோட்டை' என்பதுதான் பெயருக்கு அர்த்தம். 1616-ல் டென்மார்க்கில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். மிளகுதான் டார்கெட். 1620-ல் ஓவே கெட்டே என்ற கடற்படைத் தளபதி வந்து, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு இந்தக் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார். நாயக்கர் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. நாம ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஹால் டிக்கெட்டைத் தேடினாலே கிடைக்காது!

உள்ளே போனால் கீழ்த்தளத்தில் கிட்டங்கி, சிறை அறைகள். மேலே கவர்னரும் பாதிரியாரும் தங்கிய அறைகள். ஒரு நிமிடம் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். ஒட்டகத் திமில் மாதிரி வளைந்து வளைந்து நிற்கும். கம்பி கிடையாது, கான்கிரீட் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். செங்கல்லுக்கு இழுத்தால் தாங்காது, அமுக்கினால் தாங்கும். அதனால் பாரம் முழுவதையும் அமுக்கமாகவே சுவருக்கும் தூணுக்கும் இறக்கிவிடுகிற மாதிரி கூரையையே வளைத்துவிட்டார்கள். முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பரில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இந்தக் கூரைக்குக் கீழே பத்து நிமிஷம் நின்றால் போதும், பாடம் தானாக மண்டைக்குள் ஏறும்.

1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் மூட்டை கட்டினார்கள். 225 வருஷக் கதை ஒரு பத்திரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு துறைமுகமும் டல்லடித்தது. கோட்டை பயணியர் மாளிகையாகக் கொஞ்ச காலம் இருந்து, 1978-ல் தொல்லியல் துறை கைக்கு வந்தது. இப்போது உள்ளே மியூசியம். பழைய நாணயங்கள், வாள்கள், சீன ஜாடிகள் என்று ஒரு ரவுண்டு வரலாம்.

தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் யாராக இருந்தாலும் இந்த ஊருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும். 1706-ல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முழுவதுமாக அச்சிட்டு முடித்தார். தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் 1578-லேயே வந்துவிட்டது என்றாலும், தமிழ் அச்சு தொடர்ந்து ஓடத் தொடங்கியதில் இந்தச் சின்ன ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

கடல் எடுத்துக்கொண்டது

கோட்டையை விட்டு வெளியே வந்து கடற்கரைக்கு நடங்கள். மாசிலாமணிநாதர் கோயில் கண்ணில் படும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அதன் கல்வெட்டில் இந்த ஊருக்கு 'சடங்கன்பாடி' என்று பெயர். கட்டியபோது கடலிலிருந்து தள்ளித்தான் இருந்திருக்கும். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து, கோயிலின் முன்பகுதியையே விழுங்கிவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் என்று அழகாகச் சொல்வார்கள். ஆனால், 2004 டிசம்பர் 26 காலையில் அந்த அலை பாடவில்லை. சுனாமியில் கோட்டை நின்றது. அதற்குப் பக்கத்திலேயே இருந்த மீனவர் குடியிருப்பு நிற்கவில்லை. இந்தச் சின்ன ஊர் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. கோட்டை மதில் அருகே நின்று செல்ஃபி எடுக்கிறபோது இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவர் தனக்குள் இருப்பதைக் காப்பாற்றக் கட்டப்பட்டது. வெளியே இருந்தவர்களுக்கு அது உதவவில்லை.

மதியம்: பஸ்

திருக்கடையூர், சீர்காழி, கொள்ளிடம் பாலம் என்று ஜன்னல் சீட் பயணம். பசி வந்தால் சிதம்பரத்தில் இட்லியோ சம்பா சாதமோ, கூடவே கத்திரிக்காய் கொத்சு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள் மக்களே! மூன்று மணிக்குள் பிச்சாவரம் படகுத்துறையில் இருந்தால்தான் வெயில் சாய்கிற அழகான நேரத்தில் தண்ணீரில் இருப்பீர்கள்.

சாயங்காலம்: காடு

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கிற இடங்களுக்கு நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆரும், 'தசாவதாரம்' படத்தில் கமலும் வந்துபோன இடம். 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் துடுப்புப் படகு, மோட்டார் படகு ரெண்டும் உண்டு. என் ஓட்டு துடுப்புக்கே! மோட்டார் படகு அகலமான கால்வாய்களோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் மரங்கள் தலைக்கு மேலே கைகோத்து நிற்கும் குட்டிக் குட்டிச் சந்துகளுக்குள் நுழையும். சத்தமும் கிடையாது. சத்தம் இல்லை என்றால்தான் பறவைகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

அமைதியாக இருந்தால் என்னவெல்லாம் தெரியும்? ஒற்றைக் காலில் தவம் செய்யும் கொக்கு. இறக்கையை விரித்து வெயிலில் காயவைக்கும் நீர்க்காகம். நீல மின்னலாய்ப் பாயும் மீன்கொத்தி. சேற்றில் ஒரு கை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு 'வா, வா' என்று கூப்பிடும் நண்டு. தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் தத்தித் தத்தி ஓடும் குட்டி மீன். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாயும் தலைகாட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் வெளிநாட்டுப் பறவைகளும் விருந்தாளிகளாக வந்திருக்கும்.

இப்போது மரங்களுக்கு வாருங்கள். சேற்றுக்குள் ஆக்ஸிஜன் கிடையாது. அதனால் வெண்கண்டல் மரம், பென்சில்களைக் குத்தி வைத்த மாதிரி வேர்களை மேலே அனுப்பி மூச்சுவிடுகிறது. எங்கள் படகோட்டி அண்ணன் அழகாகச் சொன்னார்: "அதைப் புடிச்சு இழுக்காதீங்க தம்பி. அதான் மரத்துக்கு மூக்கு!" சுரபுன்னை, குடைக்கம்பி மாதிரி நாலாபக்கமும் வேர் ஊன்றி நிற்கிறது. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, ஈட்டி மாதிரி நீண்டு, அப்புறம்தான் சேற்றில் விழுகிறது. ஹாஸ்டலுக்கு அனுப்பும் முன்பே எல்லாம் கற்றுக்கொடுத்து அனுப்புகிற அம்மா! சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் தந்த தில்லை மரமும் இங்கேதான் இருக்கிறது. தள்ளி நின்று பாருங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பதம் பார்த்துவிடும்.

போகிற வழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வெறும் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களைப் பார்க்கலாம். இந்த வேர்களுக்கு நடுவேதான் இறால் குஞ்சு வளர்கிறது. காடு போனால் அவர்கள் வீட்டு உலையும் போச்சு.

காடு போய், திரும்ப வந்த கதை

உண்மையிலேயே ஒரு கட்டத்தில் இந்தக் காட்டின் பெரும்பகுதி போயிருந்தது. 1970-கள் வரை மரத்துக்காக இங்கே பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்து, சேறு காய்ந்து, நிலம் குழிந்து தொட்டி மாதிரி ஆனது. ஏற்றத்தில் வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, புதிதாக ஒரு செடிகூட முளைக்கவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் 1990-களில் கைகோத்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த மருந்து, கால்வாய்! இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெரிய கால்வாய், அதன் ரெண்டு பக்கமும் சாய்வாகச் சின்னக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரியே இருக்கும். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே, இறக்கத்தில் வெளியே. உப்பு குறைந்தது. நட்ட கன்று பிழைத்தது. கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த மீன் முள் தெரியும். சிமென்ட் மூட்டை ஒன்றுகூட இல்லாமல் ஒரு சூப்பர் சிவில் ப்ராஜெக்ட்!

இனி க்ளைமாக்ஸ். சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த ஒரு குழுவின் கட்டுரை 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அலையாத்தி இருந்த ஒரு பகுதியில் ஐந்து கிராமங்கள். கடலோரத்தில் இருந்த இரண்டும் மொத்தமாக அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றுக்கும் சேதமில்லை. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஃபின் டேனியல்சன் எந்த நாட்டுக்காரர் தெரியுமா? டென்மார்க்! மிளகு தேடி வந்தவர்கள் கோட்டை கட்டி 385 வருஷம் கழித்து, அதே நாட்டிலிருந்து வந்தவர் நம்ம ஊர்க் காட்டின் பலத்தை உலகத்துக்குச் சொன்னார்.

மரம் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு மேடு என்பதெல்லாம் இன்னும் முக்கியம் என்று வேறு விஞ்ஞானிகள் அடுத்த வருஷமே வாதாடினார்கள். ரொம்பப் பெரிய அலைக்கு முன்னால் எந்தக் காடும் மந்திரக்கோல் ஆகிவிடாது. ஆனால், வருஷா வருஷம் வருகிற புயலுக்கும் தினம் தினம் நடக்கிற மண் அரிப்புக்கும் வேர்கள் வேகத்தடை போடுகின்றன என்பதில் சந்தேகமில்லை. நம்ம முன்னோர் வைத்த பேரிலேயே விடை இருக்கிறது பாருங்கள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி!

நாளைக்கு நம்மில் யாராவது ஒருத்தர் கடற்கரையில் ஏதாவது கட்டுகிற வேலையில் உட்காரப் போகிறோம். அப்போது டிராயிங் போடும் முன்பு, சுவரா, வேரா, இல்லை ரெண்டுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால், இந்த ஒரு நாள் பஸ் டிக்கெட் காசு வசூல்!

கிளம்பும் முன்...

* கோட்டை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. மற்ற நாளில் பிளான் போடுங்கள். நேரம், படகுக் கட்டணம் ரெண்டும் மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

* சனி, ஞாயிறு பிச்சாவரத்தில் கூட்டம் அள்ளும். கிளாஸ் இல்லாத வார நாள் பெஸ்ட்.

* தொப்பி, குடிதண்ணீர் கட்டாயம். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி ஸ்டைல் காட்டாதீர்கள்.

* சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்களோடு படகில் வந்து, உங்களோடே திரும்பிப் போகணும்.

* படகில் பாட்டுச் சத்தம் வேண்டாம். அங்கே ஏற்கெனவே நல்ல ஆர்கெஸ்ட்ரா ஓடிக்கொண்டிருக்கிறது!