ஏழு கேள்விக்குறிகள்

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி. பலரைப் போல நானும் யுபிஎஸ்ஆர் தேர்வோடு தமிழை மூட்டை கட்டி வைத்தவள்தான்.

கடந்த பருவத்தில் இணையச் சேவை பற்றிய பாடம். ஒரு நிரல் கேட்க, இன்னொரு நிரல் பதில் தருவதே இணையச் சேவை. கேட்கும் நிரலுக்குக் கிளையண்ட் என்று பெயர். மாதிரிக் கிளையண்ட் ஒன்றை இயக்கிக் காட்டும் பணி எனக்கும் ஒரு மலாய்த் தோழிக்கும் கிடைத்தது.

விண்டோஸ் மடிக்கணினி, ஜாவா 8. ஒரு சாளரத்தில் சேவையை ஓடவிட்டோம். அனுப்பும் சொல்லை அப்படியே திருப்பித் தருவதுதான் அதன் வேலை. மறு சாளரத்தில் கிளையண்ட். அது சொல்லைச் சோப் எனும் உறைக்குள் வைத்து அனுப்பும். மலாயில் 'செலாமாட்' என்று அனுப்பினோம். அதுவே திரும்பி வந்தது. கைதட்டினோம்.

ஆசை யாரை விட்டது? 'வணக்கம்' என்று தட்டினேன். வந்த பதில்: ???????

"தமிழுக்கெல்லாம் இது சரிப்படாது, விடு" என்றேன். தோழி விடவில்லை.

"உன் சொல்லில் எத்தனை எழுத்து?"

விரல்விட்டு எண்ணினேன். "ஐந்து."

"அப்படியென்றால் ஏன் ஏழு கேள்விக்குறி?"

மெய்யெழுத்தை ஓரெழுத்து என்றே தமிழ்ப்பள்ளியில் கற்றேன். ஒருங்குறியோ 'க்' என்பதை ககரம், புள்ளி என இரண்டாக வைக்கிறது. வணக்கத்தில் மெய்கள் இரண்டு, ஆக ஏழு. அப்படியானால் நிரலுக்குள் சொல் சிதையவில்லை! பைட்டுகளாக மாற்றும்போதுதான் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகியிருக்கிறது.

அந்த வரியைத் தேடிப் பார்த்தோம். எந்தக் குறிமுறையில் மாற்றுவது என்று நான் குறிப்பிடவே இல்லை. அதனால் ஜாவா, விண்டோஸில் இருந்த மேலைநாட்டுக் குறிமுறையை எடுத்துக்கொண்டது. அதில் தமிழ் கிடையாது. (2022இல் வந்த ஜாவா 18 முதல், குறிப்பிடாவிட்டாலும் யுடிஎஃப்-8தான்.) அனுப்பும் வரியிலும் பதிலைப் படிக்கும் வரியிலும் யுடிஎஃப்-8 என்று சேர்த்தேன். ஏழு குறிகளும், குறிக்கு மூன்றாக, 21 பைட்டுகளாகப் போயின. 'வணக்கம்' முழுதாகத் திரும்பி வந்தது. என்னைவிடத் தோழிதான் உரக்கக் கத்தினாள்.

கணினி தமிழை மறுக்கவில்லை. குறிப்பிட மறந்தவள் நான். எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எடுக்காததற்கும் அன்று நான் சொன்ன காரணம் 'சரிப்படாது' என்பதுதான். எண்ணிப் பார்க்கச் சொல்ல அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின் தமிழில் நான் எழுதும் முதல் கட்டுரை இது. பிழையிருந்தால் சுட்டிக்காட்டுங்கள், நண்பர்களே, திருத்திக்கொள்கிறேன்.