அறுபத்துமூவரும் அறுவரும்

சென்ற ஆண்டு பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், திருமயிலையில் அறுபத்துமூவர் உலாக் காணச் சென்றிருந்தோம். நம் தமக்கையார் மக்கள் மூவரும் அண்டை வீட்டுச் சிறுவர் மூவருமாக அறுவர் நம் காவலில் விடப்பட்டிருந்தனர். ஆறு பேரைப் பார்த்துக்கொள்வதும் ஒரு பெருஞ்செயலோ என்று தமக்கையாரிடம் நகையாடிவிட்டே புறப்பட்டோம்.

மாட வீதியில் நாயன்மார்களின் பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நீர்மோர்ப் பந்தலருகே சிறுவர் நம் கையை உதறிக்கொண்டு ஓடினர். ஓடினால் என்ன? அறுவரும் நம் பார்வையிலேயே இருந்தனர்; இருந்தனர் என்றே எண்ணினோம். யாவரினும் இளையவள் மஞ்சட் பாவாடை உடுத்த ஏழு வயதுச் சிறுமி. பல்லக்கொன்று இடையே வந்து மறைத்தது. அது கடந்தபின் மஞ்சட் பாவாடை முன்போலவே தெரிந்தது. அணுகித் தோளைத் தொட்டோம். திரும்பிய முகம் வேறொரு குழந்தையினுடையது.

அப்பொழுது நம் நெஞ்சு பட்ட பாட்டை எழுத வல்லேம் அல்லேம். ஏனையோரைக் கயிறு பிணித்தாற்போல் கைகோக்கச் செய்து, பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு அலைந்தோம். கால் மணி நேரங் கழித்துப் பந்தலின் பின்புறத்தே, மூதாட்டி ஒருவரருகில் அமர்ந்து இரண்டாம் குவளை மோர் அருந்திக்கொண்டிருந்தாள். "எங்கே போய்விட்டீர்கள், மாமா?" என்று நம்மையே வினவினாள்!

கண்ணெடாது பார்த்தும் எங்ஙனம் தவறவிட்டோம் என்னும் ஐயம் நம்மை விடவில்லை. நூல்நிலையத்தில் தேடியபொழுது, கனடா நாட்டு உளநூலறிஞர் செனன் பிலிஷின் என்பார் ஸ்டார்ம் என்பாருடன் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கிட்டியது. ஒரே வடிவினவாகிய குறிகள் பத்துத் திரையில் தாறுமாறாக அலைய, அவற்றுள் முன்னரே சுட்டப்பெற்ற சிலவற்றை மட்டும் காண்போர் தொடர்தல் வேண்டும். நான்கைந்து வரையில் பெரும்பாலும் தொடர முடிந்தது. நம் பொறுப்பிலோ அறுவர்!

குற்றத்தைப் பல்லக்கின்மேல் ஏற்றிவிடலாமென்று ஆசைப்பட்டோம், அதற்கும் வழியில்லை. ஒன்றன்பின் மறைந்து மீளும் பொருளையும் மனம் விடாது தொடரவல்லது என 1999-இல் ஷோல் என்பாரும் பிலிஷினும் காட்டியுள்ளனர். ஒத்த தோற்றத்தன ஒன்றையொன்று மிக நெருங்குங்காலே மாறாட்டம் நிகழ்கின்றது. ஆகவே, பல்லக்கு வருமுன்னரே, பந்தலின் நெரிசலில் இரு மஞ்சட் பாவாடைகள் உரசிச் சென்ற ஏதோவொரு நொடியிலேயே அவளை இழந்திருத்தல் வேண்டும். அதன்பின் நாம் அத்துணைக் கவனத்துடன் காவல் புரிந்தது பிறர் குழந்தைக்கு.

தமக்கையாரிடம் இதனை இன்னும் கூறிற்றிலம். இவ்விதழ் அவர் கைக்கும் செல்லும் என்பது இப்பொழுதுதான் நினைவுக்கு வருகின்றது.