நீரை அசைத்த ஓசை

ஓசைக்குக் கை உண்டா? இல்லை என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். எங்கள் பள்ளி விஞ்ஞானக் கண்காட்சி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

பாடியில் வளர்ந்த எங்களுக்கு ஓசை புதிதன்று. காலையில் திருவலிதாயம் கோயில் மணி, பகலில் பட்டறைகளின் சத்தம், இரவில் மேம்பாலத்தில் லாரிகளின் இரைச்சல். ஆகவே ஓசையையே எங்கள் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

பழைய ஒலிபெருக்கி ஒன்றின்மேல் எவர்சில்வர் தட்டை ஒட்டி, சிறிது நீர் ஊற்றி, மஞ்சள் தூளைத் தூவினோம். ஒரே சுருதியில் ஒலியை மெல்ல மெல்லக் கூட்டினோம். முதலில் ஒன்றும் நேரவில்லை. பிறகு திடீரென்று நீரில் கட்டம் கட்டமாக அலைகள் எழுந்தன. மஞ்சள் தூள் சிறு சிறு சுழல்களாகச் சுற்றியது. கரண்டி இல்லை, காற்றும் இல்லை!

"ஒலி முன்னும் பின்னும்தானே ஆட்டும்? நீர் எப்படி ஓடுகிறது, டீச்சர்?" என்று கேட்டோம்.

"ஒலியின் உந்தத்தை நீரின் பாகுத்தன்மை சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறது. அந்த உந்தமே நீரை நகர்த்துகிறது" என்றார் ஆசிரியை. அதிரும் தகட்டின்மேல் காற்றோட்டம் உண்டாவதை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டார் என்றும், இத்தகைய ஓட்டங்களுக்கு 1884-இல் ராலே பிரபு கணித விளக்கம் தந்தார் என்றும் கூறினார். நம் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒலியலைகளால் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும் கருவி பற்றி 2018-இல் கட்டுரை வெளியிட்டதையும் சொன்னார்.

பிறகு, "உங்கள் காதுக்குள்ளும் ஒலி திரவத்தை அசைத்துக்கொண்டுதான் இருக்கிறது" என்றார். உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளில் திரவம் நிறைந்துள்ளது. ஒலி அதை அசைக்க, சுமார் 15,000 மயிர்ச் செல்கள் அந்த அசைவை உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. அங்கு அலை செல்லும் விதத்தைக் கண்டறிந்த பெக்கேசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டால் அச்செல்கள் மடியக்கூடும். மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

எங்களில் ஒருத்தி தலை குனிந்துகொண்டாள். அவள் அப்பா இருபது ஆண்டுகளாகப் பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறவர். எதையும் இரண்டு முறை கேட்பார், உரக்கப் பேசுவார். "செவிட்டு மாமா" என்று அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்திருக்கிறோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கண்காட்சிக்கு அவர் வந்தார். தட்டின் விளிம்பில் விரலை வைத்து வெகுநேரம் நின்றார். "எனக்குச் சரியா கேக்கலை பாப்பா. ஆனா தண்ணிக்கு நல்லா கேக்குது" என்று சிரித்தார். எங்களுக்குத்தான் கண் கலங்கியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் அவருக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தோம். போன செவி திரும்பாது, இருப்பதையாவது காக்கலாமே!

அன்புத் தோழியரே, இரண்டாம் முறை கேட்பவரைக் கண்டு நகைக்காதீர்கள். எதிரில் நின்று, முகம் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள்.