சண்டை மீனுக்கு ஒரு வீடு

தாயகத்தை விட்டுக் கடல் கடந்து வாழும் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணை குறைவு. தாத்தா வீட்டுக் கொட்டிலும் கன்றுக்குட்டியும் அவர்களுக்குக் கதையில் கேட்கும் பொருள்கள். இரண்டே அறைகள் கொண்ட குடியிருப்பில் நாய் வளர்க்க இடமில்லை. கோழி வளர்க்க முற்றமில்லை. ஆகவே, கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கலாமே என்னும் ஆசை பல வீடுகளில் எழுகின்றது. அப்போது முதலில் கண்ணைக் கவர்வது, கடைக்காரர்கள் 'ஃபைட்டர்' என்று சொல்லும் சண்டை மீனே. விரல் நீள உடல். பட்டுத் துணி போல விரியும் துடுப்புகள். நீலமும் செம்மையும் கலந்த நிறம். ஒரு சிறு பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். பாட்டிலில் விற்பதால், பாட்டிலே அதற்குப் போதுமானது என்று வாங்குவோர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. எளிய சம்பளத்திலும் குறைந்த தண்ணீரிலும் அம்மீனுக்குத் தக்க வீட்டை அமைக்க முடியும் என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைக்கவே இதனை எழுதுகின்றோம்.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில் நாங்கள் வாழ்கின்றோம். இரயிலே ஓடாத இத்தீவில், தாயகம் செல்வோர் அங்கே செய்யவிருக்கும் இரயில் பயணத்துக்கு முன்பதிவு செய்து தரும் எழுத்தர் வேலைதான் எங்களுக்குச் சோறிடுகின்றது. இரு பருவ மழையும் பெய்யும் ஊர்தான் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை உண்டு. ஆயினும் தை பிறந்து சில வாரங்களில் வானம் வறண்டுவிடும். தானிக்காரி அணையின் நீர்மட்டம் இறங்க இறங்க, குழாயில் நீர் வரும் நாள்களும் குறைந்துகொண்டே போகும். குடத்தைக் கணக்கிட்டு வாழும் அம்மாதங்களை இங்குள்ளோர் அனைவரும் அறிவர்.

எங்கள் மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கின்றாள். அபர்தீன் பஜாருக்குச் சென்றபோது பாட்டிலில் இருந்த ஒரு நீல மீனைக் கண்டு, அதுவே வேண்டுமென்று கேட்டாள். வீட்டில் முதல் மறுப்பு அவளுடைய அப்பத்தாவிடமிருந்து வந்தது.

"ஏப்பா, குளிக்கிற தண்ணிக்கே கணக்குப் பாக்குற வீட்டுல மீனுக்கு வேற தண்ணியா? வாயில்லா சீவனைக் கொண்டுவந்து அடைச்சு வச்சு, அது செத்துக் கெடந்தா அந்தப் பாவம் யாருக்கு?" என்று கேட்டார்கள்.

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. அவற்றுக்கு விடை கண்ட பின்னரே மீன் வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்தோம். மகளின் முகம் வாடியது; ஆனாலும் மறுக்கவில்லை.

பாவத்தைப் பற்றிய கேள்விக்கு விடை, அம்மீனின் பிறந்த மண்ணில் இருந்தது. சண்டை மீனின் தாயகம் பழைய சயாம், இன்றைய தாய்லாந்து. எங்கள் தீவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1350 கிலோமீட்டர் தொலைவு; தாய்லாந்தின் மேலைக் கரையோ அதில் பாதித் தொலைவுதான். அங்குள்ள நெல் வயல்களிலும், வாய்க்கால்களிலும், பூண்டு படர்ந்த சதுப்புகளிலும் அது வாழ்ந்தது. 1910ஆம் ஆண்டில் ரீகன் என்னும் ஆங்கில அறிஞர் அதற்கு 'பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்' என்று பெயரிட்டார். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு அதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

வயல் நீர் ஆழமற்றது. வெயிலில் உயிர்வளி குறைந்துபோவது. அதைத் தாங்குவதற்காக அம்மீனுக்குச் செவுள்களோடு வேறோர் உறுப்பும் அமைந்திருக்கின்றது. அது நீரின் மேற்பரப்புக்கு வந்து வெளிக்காற்றை வாயால் பருகி உயிர் தரிக்கும். பாட்டிலில் சில நாள் சாகாமல் இருப்பதன் இரகசியம் இதுவே. மூச்சு விட முடிகின்றது என்பது வேறு. நலமாக வாழ்கின்றது என்பது வேறு. சிறிதளவு நீரில் அதன் கழிவே அதற்கு நஞ்சாகிவிடும். மேலும், வயலில் ஆழம் குறைவாயினும் பரப்பு மிகுதி என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அப்படியாயின் வியாபாரிகள் பாட்டிலில் வைப்பது ஏன்? முன்பு பெரம்பூரில் குடியிருந்தபோது, அருகிலுள்ள கொளத்தூருக்குச் சென்று பார்த்திருக்கின்றோம். வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற பகுதி அது. ஆண் சண்டை மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆதலால் விற்பனைக்கு வளர்ந்த ஆண் மீன்களைத் தனித்தனியே பிரித்து வைக்கின்றனர். பாட்டில் அதற்குப் பயண வழியில் தங்கும் சத்திரம் போன்றது. சத்திரத்திலேயே ஆயுள் முழுவதும் குடியிருக்க எவர் விரும்புவர்?

இனி, வீடு கட்டிய விதம். 16 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 10 அங்குல உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினோம். மேலே ஓர் அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 18 லிட்டர் நீர் கொள்ளும். மீனின் விலையைவிடத் தொட்டியின் விலை பன்மடங்கு. அதற்காக இரண்டு மாதம் சிறுகச் சேர்த்தோம். நேர் வெயில் படாத சுவரோரம், ஆடாத பலகை மீது அதனை வைத்தோம். இம்மீன் துள்ளிக் குதிக்கும் இயல்புடையது. ஆகவே காற்றுப் புகும் மூடி இன்றியமையாதது. அதற்கு ஏற்ற வெப்பம் 24 முதல் 28 பாகை செல்சியஸ். ஆதலால் குளிர்நாட்டார் வைக்கும் சூடேற்றும் கருவி இங்கே வேண்டியதில்லை.

அடியில் நன்கு கழுவிய சிறு கூழாங்கற்களைப் பரப்பினோம். பவளமும் சங்கும் வைத்து அழகு செய்ய மகள் விரும்பினாள். கடற்கரையிலிருந்து பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். அன்றியும் அவற்றின் சுண்ணாம்பு நீரைக் கடினமாக்கும். கூரிய முனைகள் மெல்லிய துடுப்பைக் கிழிக்கும். அவற்றுக்குப் பதிலாக நீர்ச்செடிகளையும், மீன் ஒளிந்துகொள்ள ஓட்டைத் தேங்காய்ச் சிரட்டை ஒன்றையும் வைத்தோம். எங்கள் கடற்கரைகளில் நாட்டு வாதுமை மரங்கள் நிறைய உண்டு. அவற்றின் காய்ந்து உதிர்ந்த இலையைத் தாய்லாந்தில் சண்டை மீன் வளர்ப்போர் நீரில் இடுவது வழக்கம். கழுவிய இலை ஒன்றை நாங்களும் இட்டோம். நீர் தேயிலைச் சாற்றின் நிறம் கொள்ளும், அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது நீர். குழாய் நீரில் கலக்கும் குளோரின் மீனுக்கு ஆகாது. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தோ, குளோரினை நீக்கும் மருந்தைச் சில சொட்டு விட்டோ பயன்படுத்தலாம். மழைநீரையும் பாதியளவு சேர்க்கலாம்; ஆனால் தகரக் கூரையில் வழிந்த நீர் கூடாது, வானிலிருந்து நேரே பாத்திரத்தில் விழுந்ததே நன்று.

நீர் நிரப்பியவுடன் மீனை விடலாகாது என்பதே பலரும் அறியாத செய்தி. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேற வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மெல்லக் குமிழிவிடும் பஞ்சு வடிகட்டி ஒன்றை ஓடவிட்டு, நாள்தோறும் சிறிது மீன் தீனியை இட்டு வந்தோம். மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி இடுவதைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்தனர். மகளோ நாள்காட்டியில் கோடிட்டுக் காத்திருந்தாள். ஆறாவது வாரத்தில் மீன் வந்தது. பையோடு இருபது நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, பின்னர் மெல்ல உள்ளே விட்டோம். பத்தாம் நாள் நீர்மட்டத்தில் நுரைக்கூடு ஒன்று கட்டியிருந்தது. ஆண் மீன் குஞ்சுகளுக்காகக் கட்டும் தொட்டில் அது என்று சொன்னதும், அதுவரை விலகி நின்ற அப்பத்தா கண்ணாடியருகே வந்து நெடுநேரம் பார்த்திருந்தார்கள்.

உணவு காலை மாலை நான்கைந்து சிறு உருண்டைகள் போதும். கொசுப்புழு கிடைத்தால் அதற்கு விருந்து. மிஞ்சும் தீனி நீரைக் கெடுக்கும்.

மற்றொரு கேள்விக்குச் சித்திரை மாதம் விடை தந்தது. வாரம் ஒருமுறை தொட்டி நீரில் கால்பங்கை, அதாவது நான்கு அல்லது ஐந்து லிட்டரை, மாற்ற வேண்டும். குழாய் நீர் அரிதான அந்நாளில் அது சிறிய அளவன்று. வழியைக் கண்டவர்கள் அப்பத்தாவே. மாடிப்படியருகே கறிவேப்பிலைச் செடிக்கும் கத்தரிச் செடிக்கும் நல்ல நீரை ஊற்றுவதை நிறுத்தினார்கள். அந்நீர் முதலில் மீனுக்குச் சென்றது. மீன் வாழ்ந்து கழித்த நீர் செடிகளுக்குச் சென்றது. மீன் கழிவு செடிக்கு உரம். ஆக, குடத்துக் கணக்கில் ஒரு சொட்டும் கூடவில்லை. கத்தரி மட்டும் முன்னினும் செழித்தது.

இறுதியாக ஒன்று. விடுமுறைக்கு ஊர் செல்வோரும், மாற்றலாகிப் போவோரும் மீனை ஓடையிலோ குளத்திலோ விட்டுவிட எண்ணலாம். அது கருணையாகத் தோன்றும். ஆனால் வெளியூர் உயிர் தீவில் பெருகினால் நேர்வது என்ன என்பதற்குப் புள்ளிமான் சான்று. ஆங்கிலேயர் ஆட்சியில் கொண்டுவந்து விடப்பட்ட அது, இன்று காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றது. மீனை மற்றொரு குடும்பத்திடம் ஒப்படைப்பதே முறை. நம்மவர் வீடுகளில் அதற்கு இடமில்லாமற் போகாது.

இம்மீனின் ஆயுள் இரண்டு முதல் நான்கு ஆண்டு. அத்தனை காலம் அதற்கு வாரம் ஐந்து லிட்டர் நீரும், நாளுக்கு ஐந்து நிமிடமும் கொடுக்க இயலுமானால் வாங்குங்கள். இயலாதாயின் கடையிலேயே கண்டு மகிழ்ந்து வாருங்கள். வாங்குவதாக முடிவு செய்தால், முதலில் நீரைப் பழக்குங்கள். பிறகு மீனை அழையுங்கள். அந்த ஆறு வாரக் காத்திருப்பில் பிள்ளைகள் கற்கும் பொறுமை, மீன் தரும் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.