ஒரு புத்தகம், மூணு படம், ரெண்டு பத்து வயசு

முதல்லயே சொல்லிடறேன், இது விமர்சனம் இல்லை. 2014 டிசம்பர்ல வந்த படத்துக்கு இப்ப உக்காந்து விமர்சனம் எழுதினா, முடிஞ்சு போன பரீட்சைக்குப் படிச்ச கதையா ஆயிடும். இது அந்தப் படத்தைத் திட்டினவங்களைப் பத்தி. அவங்களோட சேர்ந்து பத்து வருஷம் நானும் பொய்யாத் தலையாட்டினதைப் பத்தி.

படம், 'தி ஹாபிட்: தி பேட்டில் ஆஃப் த ஃபைவ் ஆர்மீஸ்'. தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. பீட்டர் ஜாக்சன்னு நியூசிலாந்து இயக்குநர் டோல்கீனோட 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை 2001, 2002, 2003ல மூணு படமா எடுத்தார். மூணுக்கும் சேர்த்து 17 ஆஸ்கர். கடைசிப் படம் மட்டும் 11 பிரிவுல போட்டி போட்டு 11ஐயும் அள்ளிட்டு வந்துச்சு. அந்தக் கதைக்கு முன்னாடி நடக்கற கதைதான் 'ஹாபிட்'. 1937ல குழந்தைகளுக்காக வந்த புத்தகம். அதையும் ஜாக்சனே 2012, 2013, 2014ன்னு மூணு படமா எடுத்தார். நான் சொல்றது அந்த மூணாவது படம்.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னது பெரியம்மா பையன். நான் அஞ்சாங்கிளாஸ், அண்ணன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கோடை லீவுல கரண்ட் போனா எல்லாரும் பாயைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவோம். அண்ணன் மடியில அந்த இங்கிலீஷ் புத்தகம் இருக்கும், ஆனா இருட்டுல எங்க படிக்கறது? மனப்பாடமாவே சொல்லுவான். 13 குள்ளர்கள், ஒரு மந்திரவாதி, வீட்டை விட்டு வெளிய வரவே பிடிக்காத பில்போ, மலைக்குள்ள தங்கத்து மேல தூங்கற டிராகன். டிராகன் பேசற இடம் வந்தா குரலை மாத்திப் பேசுவான். பெரியம்மா கீழ இருந்து "ஏன்டா கொழந்தைய பயமுறுத்தற"ன்னு சத்தம் போடுவாங்க.

டிசம்பர்ல என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனான். என்னோட கண்ணாடிக்கு மேல 3டி கண்ணாடி. இங்கிலீஷ் பாதி புரியலை, அண்ணன் காதுக்குள்ள சொல்லிட்டே வந்தான். முதல் அரை மணி நேரம் வரைக்கும்தான். அப்புறம் சொல்றதை நிறுத்திட்டான். நானும் கேக்கலை, வாயைப் பொளந்து பாத்துட்டு இருந்தேன். கடைசியில குள்ளர்களோட ராஜா தோரின் பனி மேல விழுந்து கிடக்க, பில்போ பக்கத்துல உக்காந்து அழறப்ப நானும் அழுதேன். 3டி கண்ணாடி இருந்ததால யாருக்கும் தெரியலை.

உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறி உக்காந்ததும் அண்ணன் ஆரம்பிச்சான். கிணத்துக்கடவு தாண்டற வரைக்கும் நிறுத்தலை. "இது படமே இல்லடா. கேவலப்படுத்திட்டானுங்க." அப்புறம் என்னைப் பாத்து, "உனக்கு எப்படிடா இருந்துச்சு?"

"மொக்கைண்ணா"ன்னு சொன்னேன்.

ரசனை விஷயத்துல நான் சொன்ன முதல் பொய் அதுதான். (கடைசி இல்லை!)

அப்புறம் வளர்ந்து, புத்தகத்தையும் நானே படிச்சு, மத்த ரசிகர்கள் என்ன சொன்னாங்கன்னு தேடித் தேடிப் பாத்தேன். அண்ணன் பஸ்ல திட்டினதையேதான் உலகம் பூரா திட்டியிருக்காங்க. பி.காம் படிக்கற பையன் இல்லையா, குற்றச்சாட்டு எல்லாத்தையும் பற்று, வரவுன்னு பிரிச்சுப் போட்டுப் பாத்தேன்.

முதல் பற்று, நீளம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஆயிரம் பக்கத்துக்கு மேல, அது மூணு படம். 'ஹாபிட்' சுமார் 300 பக்கம், அதுவும் மூணு படம். தியேட்டர்ல ஓடின நேரம் 169, 161, 144 நிமிஷம். கூட்டினா 474. பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷத்துக்கும் மேல! வாய்விட்டுப் படிச்சாலே கிட்டத்தட்ட அந்த வேகத்துலதான் படிப்போம். முதல்ல ரெண்டு படம்தான்னு சொல்லியிருந்தாங்க. 2012 ஜூலைல, முதல் படம் வர்றதுக்கு அஞ்சு மாசம் முன்னாடிதான் மூணுன்னு அறிவிச்சாங்க. ஒரே சரக்குக்கு மூணு பில்லுன்னு ரசிகர்கள் கடுப்பானதுல தப்பே இல்லை.

ரெண்டாவது பற்று, போர். புத்தகத்துல அந்தப் போர் சில பக்கம்தான். அதுலயும் பாதியில பில்போ தலையில கல்லு விழுந்து மயங்கிடுவான், முழிச்சுப் பாத்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். சின்ன ஆளோட கண்ணு வழியாப் பாக்கற கதை, அதனால பெரிய சண்டை அவனுக்குத் தெரியாமலே நடந்து முடியுது. எனக்கு டோல்கீன்கிட்ட ரொம்பப் பிடிச்ச இடம் அது. படத்துல அந்தச் சண்டை முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட ஓடுது. கதாநாயகனை நாமதான் கூட்டத்துல தேடணும்.

மூணாவது, புத்தகத்துல இல்லாத ஆளுங்க. லெகோலஸ் இந்தப் புத்தகத்துலயே கிடையாது. டாரியல்ங்கற எல்ஃப் பொண்ணு டோல்கீன் எழுதாத பாத்திரம், படத்துக்காக உருவாக்கினது. பெண்களே இல்லாத கதைக்கு ஒரு பெண் வேணும்னு நினைச்சதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா முக்கோணக் காதல் மட்டும் வேண்டாம்னு நிபந்தனை போட்டுத்தான் ஒத்துக்கிட்டேன், மறு படப்பிடிப்புல அதையே கொண்டு வந்துட்டாங்கன்னு அந்த நடிகை இவாஞ்சலின் லில்லியே சொன்னாங்க. அப்புறம் ஆல்ஃப்ரிட்னு ஒரு காமெடிப் பேர்வழி. பொம்பளை வேஷத்துல தங்கத்தைச் சுருட்டிட்டு ஓடுவார். அவரைப் பாத்துச் சிரிச்ச ஒருத்தரை நான் இன்னும் சந்திக்கலை.

நாலாவது, படிக்கட்டு. உடைஞ்சு கீழ விழற கல்லு மேல எல்லாம் லெகோலஸ் படி ஏறற மாதிரி மேல ஓடுவார். இதைப் பத்தி அதிகம் சொல்லாம விட்டுடறேன். புவியீர்ப்பு மேல எனக்கு மரியாதை இருக்கு :)

அஞ்சாவதுதான் எனக்கு வயித்தெரிச்சல். கதை ஆரம்பத்துல குள்ளர்கள் பில்போகிட்ட ஒப்பந்தம் போடுவாங்க. லாபத்துல 14ல ஒரு பங்கு, போக்குவரத்துச் செலவு தனி, செத்துட்டா ஈமச்செலவு எங்க பொறுப்பு. காண்ட்ராக்ட் ஆக்ட் படிக்கறவனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அவங்க உயிரா மதிக்கற ஆர்கென்ஸ்டோன்கற மணியை பில்போ எடுத்து எதிர்த் தரப்புகிட்ட குடுத்துட்டு, 'என்னோட 14ல ஒரு பங்குல இதைக் கழிச்சுக்கங்க'ன்னு சொல்றது அசல் வியாபாரி மூளை. போரை நிறுத்த, சிநேகிதனோட கோபத்தையே விலையா குடுக்கறான். சரி, இவ்வளவு பெரிய மணி கடைசியில என்ன ஆச்சு? தியேட்டர்ல காட்டின படத்துல பதிலே இல்லை. தோரினோட அடக்கமும் இல்லை. ஈமச்செலவு எங்க பொறுப்புன்னு எழுதிக் குடுத்தவங்களோட ராஜாவுக்கே ஈமச்சடங்கு இல்லை! 2015ல வந்த 164 நிமிஷ நீட்டிப்பு வடிவத்துலதான் அந்தச் சடங்கும், மணி தோரின் நெஞ்சு மேல இருக்கறதும் வந்துச்சு.

இன்னொண்ணு சும்மா சுவாரசியத்துக்கு. படக் கடைசியில லெகோலஸோட அப்பா அவனை ஸ்ட்ரைடர்ங்கற ஆளைத் தேடிப் போகச் சொல்லுவார். அதாவது அரகார்ன், அடுத்த கதையோட ராஜா. புத்தகக் கணக்குப்படி பில்போவோட பயணத்துக்கும் மோதிரப் போருக்கும் நடுவுல 77 வருஷம். போர் சமயத்துல அரகார்னுக்கு 87. அப்படின்னா லெகோலஸ் தேடிப் போற மாவீரனுக்கு வயசு 10! படங்கள்ல நடுவுல இருக்கற 17 வருஷத்தை விட்டுட்டதால 27 வருதுன்னு இன்னொரு கட்சி வாதாடுது. இதுக்கெல்லாம் சண்டை போடறாங்களான்னு கேக்காதீங்க. போடறாங்க. நானும் போட்டிருக்கேன்.

2015 ஜனவரிலயே ஒரு ரசிகர் மூணு படத்தையும் வெட்டி ஒட்டி நாலு மணி நேரப் படமா ஆக்கிட்டார். டாரியல் காதல் இல்லை, இடையில வர்ற கிளைக்கதைங்க இல்லை, பில்போ பக்கத்துலயே கதை போகுது. பிடிக்காத படத்தை ஜனங்க மறந்துட்டுப் போயிடுவாங்க, இப்படி உக்காந்து ஒவ்வொரு காட்சியா வெட்ட மாட்டாங்க. இந்தக் கோபத்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குச் சந்தேகம் வந்தது அப்பதான்.

சரி, வரவுப் பக்கம். முதல் சில நிமிஷத்துலயே ஸ்மாக் ஏரி ஊரை எரிக்கறது. தங்க மோகம் பிடிச்சுத் தோரின் கொஞ்சம் கொஞ்சமா மாறறதுல ரிச்சர்ட் ஆர்மிடேஜ் நடிப்பு. ஓக் விதையை பில்போ கையில வெச்சிருக்கறதைப் பாத்து ஒரு நொடி தோரின் பழைய ஆளாகறது; இதுவும் புத்தகத்துல இல்லாததுதான், ஆனா யாரும் திட்டலை. கடைசியா பில்போ ஊருக்குத் திரும்பினா, செத்துட்டான்னு நினைச்சு அவன் சாமானை எல்லாம் ஏலம் விட்டுட்டு இருப்பாங்க. நான்தான் பில்போன்னு நிரூபிக்க அந்த ஒப்பந்தத்தைக் காட்டுவான். இதுல கையெழுத்துப் போட்ட ஆள் யாருன்னு ஏலக்காரர் கேட்டதும் மார்ட்டின் ஃப்ரீமேன் முகம் ஒரு மாதிரி ஆகும். என் சிநேகிதன்னு மட்டும் சொல்லுவான். திட்டினவங்கள்ல பலரும் இந்த இடத்தை ஒத்துக்கறாங்க.

படம் ஏன் இப்படி ஆச்சுங்கறதுக்கும் காரணம் இருக்கு. முதல்ல இயக்க இருந்தவர் கில்லெர்மோ டெல் டோரோ. அவர் 2010ல விலகினார். ஜாக்சன் தலையில விழுந்துச்சு, 2011 மார்ச்ல படப்பிடிப்பு ஆரம்பம். முந்தின மூணு படத்துக்குக் கிடைச்ச மாதிரி வருஷக்கணக்கான தயாரிப்பு நேரம் இதுக்குக் கிடைக்கலை. அப்பப்ப யோசிச்சு யோசிச்சுத்தான் எடுத்தேன், போர்க் காட்சிக்கு நேரம் வேணும்னு படப்பிடிப்பையே தள்ளி வெச்சேன்னு அவரே பின்னாடி வெளிப்படையாச் சொன்னார். பேலன்ஸ் ஷீட் தெரியாம மேனேஜரைத் திட்டக்கூடாதுன்னு எனக்குத் தோணிச்சு. ஆனா டிக்கெட் வாங்கினவனுக்கு அந்த பேலன்ஸ் ஷீட் எதுக்குங்கற கேள்வியும் நியாயம்தான். உலக வசூல் நூறு கோடி டாலருக்குக் கொஞ்சம்தான் கம்மி. ஆஸ்கர்ல மூணு ஹாபிட் படத்துக்கும் சேர்த்து 7 பரிந்துரை, ஒண்ணுகூட ஜெயிக்கலை.

இந்த வருஷப் பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தான். இப்ப பெங்களூர்ல வேலை, ரெண்டு மூணு வருஷமா எங்களுக்குள்ள சரியாப் பேச்சே இல்லை. சண்டை எல்லாம் இல்லை, அப்படியே விட்டுப் போச்சு. ராத்திரி என் லேப்டாப்புல இதே படம் ஓடிட்டு இருந்துச்சு. மாட்டிக்கிட்டேன். டக்குனு மூடப் போனேன்.

"இருடா, ஓடட்டும்"னு பக்கத்துல உக்காந்தான்.

தோரின் சாகற காட்சி வந்துச்சு. இந்தத் தடவை 3டி கண்ணாடி இல்லை. என்னைப் பாத்துட்டு, "அன்னிக்கு மொக்கைன்னியேடா?"ன்னான்.

"நீ திட்டினியேண்ணா, அதான்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னான். "ரிட்டர்ன் ஆஃப் த கிங் வந்தப்ப எனக்குப் பத்து வயசு. அப்பாதான் கூட்டிட்டுப் போனாரு. அவருக்கு ஒண்ணும் புரியலை, நான்தான் காதுல சொல்லிட்டே இருந்தேன்." பெரியப்பா 2012ல தவறிட்டார். "ஹாபிட் வர்றப்ப எல்லாம் அதே மாதிரி இருக்கும்னு நினைச்சுட்டுப் போவேன். மூணாவதுதான் கடைசி. அது முடிஞ்சா இனிமே எதுவும் வராதுல்ல."

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. மனசுக்குள்ள கணக்கு ஓடிச்சு. அவனுக்கு அந்தப் படத்தப்ப பத்து வயசு, எனக்கு இந்தப் படத்தப்ப பத்து வயசு. அவன் காதுல சொன்னான், என் காதுல அவன் சொன்னான். 'ஸ்டார் வார்ஸ்' முன்கதைப் படங்களையும் இப்படித்தான் திட்டித் தீர்த்தாங்க. அதைச் சின்ன வயசுல பாத்த பசங்க வளர்ந்து வந்தாங்க, 2005ல வந்த மூணாவது படம் 2025ல திரும்பத் தியேட்டருக்கு வந்தப்ப கூட்டமாப் போய்ப் பாத்தாங்க. அதுக்காகப் படத்துல இருந்த ஓட்டை எல்லாம் அடைஞ்சுடுச்சுன்னு சொல்ல வரலை. பத்து வயசுல பாக்கறவனுக்குப் பழைய பாக்கி எதுவும் இல்லை, புதுசாக் கணக்கு ஆரம்பிக்கறான். முன்னாடியே மனசைக் குடுத்தவன் பாக்கியை வசூல் பண்ணத்தான் தியேட்டருக்கு வர்றான். ரெண்டு பேரும் பாத்தது ஒரே படம்னு எப்படிச் சொல்றது?

இனிமே யாராவது கேட்டா, எனக்கு இந்தப் படம் பிடிக்கும்னு சொல்லிடறதா முடிவு பண்ணியிருக்கேன். மேல எழுதின அஞ்சு பற்றும் அப்படியேதான் இருக்கு, அதோட சேர்த்துத்தான் பிடிக்கும்.

கடைசியா வயசான பில்போ வீட்டுக் கதவை கண்டால்ஃப் தட்டற காட்சியும் முடிஞ்சு, பில்லி பாய்ட் பாட்டு ஓட ஆரம்பிச்சதும் அண்ணன் எந்திரிச்சான். வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பினான்.

"ஆனா அந்தப் படிக்கட்டு மொக்கைதான்டா."

"மொக்கைதாண்ணா"ன்னேன். இந்தத் தடவை பொய் இல்லை.